புது மென்பொருள் மேலாளரை மலையில் உட்கார்ந்து சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி கடைவீதியில் ஒரு மாடியறையில் ஆறு கணினிகளை வைத்துப் பயிற்சி மையம் நடத்துகிறேன். ஆறும் ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய பெட்டிகள். 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க். எல்லாவற்றிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம், பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவி மென்பொருள் மேலாளரை, அதாவது செயலிகளைத் தேடி நிறுவித் தரும் நிரலைத் திறந்து, ஒலி தொகுக்கும் ஆடாசிட்டியை நிறுவப் போனாள். பொத்தானை அழுத்தினாள், ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் கழித்து நான் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நெட் எப்போதோ போய்விட்டது. வட்டம் மட்டும் நிற்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள்.

அந்த மேலாளர் அப்போதுதான் புது வடிவத்தில் வந்திருந்தது. பெரிய படங்கள், வட்ட முனைப் பொத்தான்கள், பார்க்க நன்றாகவே இருந்தது. அதை எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் மேசையில் நெட் அறுந்திருக்காது, அவ்வளவுதான். அறுந்துபோகும் ஊரில் இருக்கிற நாம் அது வெளியாகும் முன்பே சோதித்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, பீட்டா (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வந்தால் விடாமல் இறக்கிச் சோதிக்கிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். லினக்ஸை நிறுவத் தெரிந்திருந்தால் போதும். உபுண்டுவின் ஆப் சென்டர், நோம் சாஃப்ட்வேர், கேடிஇயின் டிஸ்கவர், மின்ட்டின் மென்பொருள் மேலாளர் என்று எதற்கும் இந்த வழி பொருந்தும்.

எதைச் சோதிக்கிறோம்?

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் நிற்பவர் ஒருவர், பின்னால் மூட்டையைத் தூக்கி வருபவர் ஒருவர், மூட்டை வந்த குடோன் வேறெங்கோ. மென்பொருள் மேலாளர் என்று நாம் திரையில் பார்ப்பது கவுண்டர் மட்டும்தான். டெபியன் வழி வந்த கணினிகளில் பின்னால் வேலை செய்வது ஆப்ட், அதற்கும் கீழே டிபிகேஜி. பல மேலாளர்கள் இவற்றோடு நேரடியாகப் பேசாமல் பேக்கேஜ்கிட் என்ற இடைத்தரகர் மூலம் பேசுகின்றன. ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற வேறு இரண்டு பொதி வடிவங்களுக்கும் தனித்தனி வழி. படம், விளக்கம், வகை போன்றவை பெரும்பாலும் ஆப்ஸ்ட்ரீம் என்ற தகவல் தொகுப்பிலிருந்து வருகின்றன.

இது ஏன் தெரிய வேண்டும் என்றால், வழு (மென்பொருள் பிழை) எந்த அடுக்கில் இருக்கிறது என்று ஊகிக்கத் தெரிந்தால்தான் அறிக்கை சரியான ஆளிடம் போய்ச் சேரும். ஒரு செயலியின் விளக்கம் தப்பாக இருந்தால் அது மேலாளரின் குற்றமாக இருக்காது, அந்தச் செயலி கொடுத்த தகவலின் குற்றம். நெட் போனபின் வட்டம் சுற்றினால் அது கவுண்டரின் குற்றம்.

இந்தக் கவுண்டர் அடிக்கடி மாறுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். உபுண்டுவை மட்டும் எடுத்தால் 2009 அக்டோபரில் 9.10 பதிப்போடு சாஃப்ட்வேர் சென்டர் வந்தது. 2016இல் 16.04இல் அது போய் நோம் சாஃப்ட்வேர் வந்தது. 2020இல் ஸ்னாப் ஸ்டோர், 2023 அக்டோபரில் ஃபிளட்டர் என்ற கருவித்தொகுப்பில் எழுதிய ஆப் சென்டர். ஒவ்வொரு முறையும் எங்கள் மையத்துக்கு வருகிறவர்கள் பொத்தான் எங்கே போனது என்று முதலிலிருந்து தேடுகிறார்கள். அதனால் தாமதிக்காமல் சோதிப்பது முக்கியம். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே திரை வடிவத்தையும் சொற்களையும் உறையவைத்து விடுவார்கள். மொழிபெயர்ப்பவர்களுக்கு நேரம் வேண்டும் அல்லவா? அதற்குப் பிறகு 'இந்தச் சொல் புரியவில்லை' என்று சொன்னால் அடுத்த பதிப்பில்தான் மாறும்.

பெட்டியைத் தயார் செய்தல்

வேலை செய்யும் கணினியில் பீட்டா போடவே கூடாது. தனிப் பழைய பெட்டி ஒன்று, வெர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினி) ஒன்று, இரண்டும் இருந்தால் நல்லது. அதற்கு வெர்ச்சுவல் பாக்ஸோ விர்ட்-மேனேஜரோ போதும். நிறுவி முடித்ததும் முதல் வேலையாக ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் அந்த நிலைக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். பழைய பெட்டியில் இதே வேலைக்கு டைம்ஷிஃப்ட் என்ற செயலி உதவும்.

இறக்குவதுதான் மலையில் பெரிய வேலை. உபுண்டுவின் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ (நிறுவுவதற்கான முழுக் கோப்பு) இப்போதெல்லாம் 5 ஜிபியைத் தாண்டுகிறது. பீட்டா காலத்தில் தினமும் புது ஐஎஸ்ஓ வரும், தினமும் 5 ஜிபி யாரால் முடியும்? இதற்கு இசட்சிங்க் என்றொரு கருவி இருக்கிறது. உங்களிடம் உள்ள பழைய ஐஎஸ்ஓவோடு ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் இறக்கும். முதல் கோப்பை மட்டும் குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ நல்ல நெட் இருக்கும் நண்பர் வீட்டில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவாருங்கள். வந்ததும், கோப்பு கெடாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபாருங்கள். பாதி கெட்ட ஐஎஸ்ஓவில் சோதித்துவிட்டு, இல்லாத வழுவை அறிக்கை செய்து நான் ஒருமுறை ஒருவரின் இரண்டு நாளை வீணாக்கியிருக்கிறேன்.

நோட்டில் முதல் பக்கத்தில் எழுத வேண்டியவை: ஐஎஸ்ஓவின் தேதி, மேலாளரின் பதிப்பு எண், ரேம், டிஸ்க் வகை, திரை அளவு, மொழி அமைப்பு. இவை இல்லாத அறிக்கைக்கு முதல் பதிலாக இவற்றைத்தான் கேட்பார்கள்.

பழையதை அளந்து வையுங்கள்

புதியதைத் திறக்கும் முன் பழைய மேலாளரில் ஐந்து வேலைகளைச் செய்து குறித்துக்கொள்ளுங்கள். கணினியை அணைத்துப் போட்டதும் முதல்முறை திறக்க எத்தனை விநாடி, மூடி மறுபடி திறக்க எத்தனை விநாடி, ஒரு செயலியைத் தேடிக் கண்டுபிடிக்க எத்தனை அழுத்தம், நிறுவ எத்தனை, நீக்க எத்தனை. கைபேசியின் ஸ்டாப்வாட்ச் போதும், ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து நடுவில் உள்ளதை எழுதுங்கள். திறந்து சும்மா வைத்திருக்கும்போது எவ்வளவு ரேம் பிடிக்கிறது என்பதையும் சிஸ்டம் மானிட்டரில் பாருங்கள். 'புதியது மெதுவாக இருக்கிறது' என்று எழுதினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பழையது 6 விநாடி, புதியது 19 விநாடி, ஹார்டு டிஸ்க் பெட்டியில் என்று எழுதினால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள்.

தேடல், முக்கியமாகத் தமிழில் தேடல்

ஆங்கிலத்தில் பெயரைச் சரியாகத் தட்டிச் செயலி வருவது சோதனையே ஆகாது. எழுத்துப் பிழையோடு தட்டுங்கள். பெயர் தெரியாதவர் எப்படித் தேடுவாரோ அப்படித் தட்டுங்கள். எங்கள் மையத்தில் பிளவுஸ் ஆரி டிசைன் வரையும் ஒரு அக்கா 'போட்டோஷாப்' என்றுதான் தேடுவார். அதே வேலை செய்யும் ஜிம்ப் முதல் பத்தில் வந்ததா என்று பாருங்கள்.

அப்புறம் தமிழ். 'விளையாட்டு' என்று தட்டினால் எத்தனை வருகிறது? பெரும்பாலும் சொற்பம்தான் வரும், ஏனென்றால் செயலிகளின் விளக்கங்கள் தமிழில் எழுதப்படவில்லை. அது மேலாளரின் வழு இல்லை. ஆனால் விளையாட்டு என்ற வகையின் பெயர் திரையில் தமிழிலேயே இருக்கும்போது அதைத் தேடினால் அந்த வகையாவது வர வேண்டும். வராவிட்டால் எழுதுங்கள்.

இன்னொன்று, நம்மைத் தவிர யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 'படத்தொகுப்பு' என்ற சொல்லில் 'தொ' இருக்கிறது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோடு விதிப்படியும் சமம்தான். ஆனால் மேலாளர் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடாவிட்டால், ஒரு விசைப்பலகையில் தட்டியவருக்குக் கிடைப்பது மற்றொருவருக்குக் கிடைக்காது. சோதிக்க எளிய வழி: ஓகாரம், ஒகரம் உள்ள ஒரு சொல்லைத் தமிழ்99 விசைப்பலகையில் தட்டித் தேடுங்கள். பிறகு அதே சொல்லைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக உள்ள ஒரு பழைய ஆவணத்திலிருந்து வெட்டி ஒட்டித் தேடுங்கள். முடிவுகள் வேறுபட்டால் இரண்டு சொல்லையும் அப்படியே அறிக்கையில் ஒட்டுங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' எழுத்தைப் போடும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் அது தட்டியவரின் பிழை என்பதால் நான் அதற்கு அதிகம் சண்டை போடுவதில்லை.

நிறுவும்போது

ஒரே செயலி டெப் (ஆப்ட் நிறுவும் வடிவம்), ஃபிளாட்பேக், ஸ்னாப் என்று மூன்று உருவில் இருக்கலாம். மேலாளர் எதை முன்னால் காட்டுகிறது? மாற்றிக்கொள்ளும் இடம் கண்ணில் படுகிறதா? அளவைச் சொல்கிறதா? அளவுதான் எங்களுக்கு உயிர். ஒருவருக்கு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா இருக்கிறது என்று வையுங்கள். அவர் ஒரு சின்னச் செயலியை ஃபிளாட்பேக்காக நிறுவுகிறார். செயலி சிறியதுதான், ஆனால் முதல் ஃபிளாட்பேக் என்றால் அது ஓடத் தேவையான பொதுக் கோப்புத் தொகுப்பான ரன்டைம் கூடவே வரும், அது நூற்றுக்கணக்கான எம்பி. செயலியின் அளவை மட்டும் காட்டிவிட்டு ரன்டைமைச் சொல்லாத மேலாளர் அவரை ஏமாற்றுகிறது. அழுத்தும் முன் காட்டிய அளவையும், உண்மையில் இறங்கிய அளவையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

செயலியை யார் வெளியிட்டது என்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22, சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளை இயல்பாகவே மறைத்து வைத்தது. அதைத் திறந்து காட்டச் சொன்னால் எச்சரிக்கையும் காட்டும். நீங்கள் சோதிக்கும் மேலாளரில் சரிபார்ப்பு அடையாளம் எங்கே இருக்கிறது, அதைத் தொட்டால் பொருள் விளங்குகிறதா என்று பாருங்கள். வெறும் பச்சை டிக் எதையும் சொல்லாது.

பென்டிரைவில் கொண்டுவந்த டெப் கோப்பை இரட்டைச் சொடுக்கிட்டும் பாருங்கள். நெட் நன்றாக உள்ள ஊரில் இதை யாரும் செய்ய மாட்டார்கள் என்று நினைத்துப் புது வடிவத்தில் இந்த வசதியைக் கடைசியில் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு இதுதான் பாதி வழி.

நெட்டை அறுங்கள், கரண்டை நிறுத்துங்கள்

சோதனையில் பாதி நேரத்தை நான் இதற்கே கொடுக்கிறேன். 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த அளவுக்கு வேண்டாம், ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்தாலே கரண்டும் கேபிளும் சேர்ந்து போகும். இங்கே நிறுவல் பாதியில் நிற்பது அபூர்வம் இல்லை.

முதலில் நெட். ஒரு பெரிய செயலியை நிறுவ ஆரம்பித்து, கொஞ்சம் இறங்கியதும் வைஃபையை அணையுங்கள். ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். எத்தனை விநாடியில் மேலாளர் நெட் இல்லை என்று சொல்கிறது? என்ன சொற்களில்? மறுபடி நெட் வந்ததும் தானாகத் தொடர்கிறதா, அழுத்தச் சொல்கிறதா, முதலிலிருந்தா? ஆப்ட் பாதி இறங்கிய கோப்புகளைத் தனி அடைவில் வைத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடரும் திறன் உள்ளது. பின்னால் இருப்பவருக்கு முடிகிறது என்றால் கவுண்டரில் இருப்பவர் அதைக் கெடுக்கக் கூடாது.

நெட் முழுதாகப் போவதைவிட நூலிழையில் தொங்குவதுதான் மோசம். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கைபேசியை 2ஜிக்கு மாற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். ஜியோ சிம்மில் 2ஜி கிடையாது, வேறு சிம் வேண்டும். ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசி தன்னை அளவுள்ள இணைப்பு (டேட்டாவுக்கு வரம்பு உள்ளது) என்று கணினிக்குச் சொல்லும், லினக்ஸில் இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரும் அதைப் புரிந்துகொள்ளும். அதையும் மீறி மேலாளர் பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்க ஆரம்பித்தால் அது கடுமையான வழு. சாயங்காலம் வீட்டுக்குப் போய் வாட்ஸ்அப் திறந்தால் டேட்டா தீர்ந்திருக்கும்.

அடுத்து கரண்ட். இதை வெர்ச்சுவல் மெஷினில், அல்லது உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியில் மட்டும் செய்யுங்கள். மூன்று இடத்தில் அறுக்க வேண்டும்: இறங்கும்போது, பேக்கேஜை (செயலியின் கோப்புகள் அடங்கிய பொதி) பிரிக்கும்போது, அமைக்கும்போது. இறங்கும்போது போனால் பெரிய நஷ்டம் இல்லை. பிரிக்கும்போதோ அமைக்கும்போதோ போனால் டிபிகேஜி அந்தப் பேக்கேஜைப் பாதி நிறுவியது, பாதி அமைத்தது என்று குறித்து வைத்திருக்கும். அது சரியாகும் வரை வேறு எதையும் நிறுவ விடாது. டெர்மினல் தெரிந்தவருக்கு ஒரே ஒரு கட்டளை, முடிந்தது. டெர்மினல் தெரியாதவருக்கு மேலாளர்தான் அதைச் செய்து கொடுக்க வேண்டும். கணினியை மறுபடி போட்டு மேலாளரைத் திறந்ததும் 'முந்தைய நிறுவல் பாதியில் நின்றது, சரிசெய்யட்டுமா?' என்று கேட்கிறதா? இல்லை, 'அறியாத பிழை' என்று ஒரு பெட்டியைக் காட்டி மூடிக்கொள்கிறதா? நான் சோதித்ததில் ஒன்று எதையுமே காட்டவில்லை. நிறுவு பொத்தானை அழுத்தினால் ஒரு விநாடி சாம்பல் நிறமாகிப் பழைய நிறத்துக்கு வந்தது. திரும்ப அழுத்தினாலும் அதேதான். அந்தச் சாம்பல் நிறத்தைக் காணொளியாகப் பதிவுசெய்து அனுப்பினேன், அப்போதுதான் நம்பினார்கள். ஃபிளாட்பேக்கிலும் இதே போல் அறுத்துப் பாருங்கள், அங்கே செயலி முழுதாக இருக்க வேண்டும் அல்லது இருக்கவே கூடாது.

டிஸ்க் நிரம்புவது மூன்றாவது. வெர்ச்சுவல் மெஷினுக்குச் சின்ன டிஸ்க் கொடுத்து, ஒரு பெரிய கோப்பைப் போட்டு 200 எம்பி மட்டும் மிச்சம் வைத்து நிறுவுங்கள். இறக்க ஆரம்பிக்கும் முன்பே இடம் போதாது என்று சொல்வதுதான் சரி.

நான்காவது, பூட்டு. எங்கள் ஊர்ப் பள்ளிக் கணினிகள் கோடை விடுமுறை முழுதும் அணைந்தே கிடக்கும். ஜூனில் போட்டதும் பின்னணியில் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஓட ஆரம்பித்து பேக்கேஜ் தரவுத்தளத்தைப் பூட்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து ஒருவர் ஏதாவது நிறுவப் போனால்? 'வேறொரு வேலை நடக்கிறது, முடிந்ததும் ஆரம்பிக்கிறேன்' என்று வரிசையில் வைப்பது நல்ல மேலாளர். பூட்டைப் பெற முடியவில்லை என்று கோப்பின் பாதையைக் காட்டுவது கெட்டது. ஸ்னாப்ஷாட்டைச் சில வாரம் பழையதாக வைத்திருந்து திறந்தால் இந்த நிலைமையை எளிதில் உருவாக்கலாம்.

ஐந்தாவதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். பழைய பெட்டிகளில் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 காசு பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் இணையதளங்களின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று கணினி நினைக்கும், செயலிகள் வரும் களஞ்சியத்தின் கையெழுத்துக் கோப்பையும் ஏற்காது. அப்போது மேலாளர் 'இணையம் இல்லை' என்று சொன்னால் அது பொய். நெட்காரருக்குப் போன் போட்டு அரை நாள் போகும். வெர்ச்சுவல் மெஷினில் நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை நிறுத்திவிட்டு, தேதியை 2012க்கு மாற்றிப் பாருங்கள். கணினியின் தேதியைச் சரிபார்க்கவும் என்ற ஒரு வரி வந்தால் அந்த மேலாளரை எழுதியவருக்கு நன்றி சொல்லி ஒரு குறிப்பு அனுப்புங்கள். நான் அனுப்பியிருக்கிறேன்.

தப்பான கடவுச்சொல், பாதியில் ரத்து, மடிக்கணினியை மூடித் திறப்பது, ஒரே நேரத்தில் மூன்று செயலிகளை வரிசையில் போடுவது, இவற்றையும் ஒவ்வொரு முறை பார்த்துவிடுங்கள்.

நீக்குதலும் புதுப்பித்தலும்

2021 நவம்பரில் யூடியூபில் பிரபலமான லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில், கேம்களை வாங்கி ஆடும் ஸ்டீம் செயலியை நிறுவப் போனார். வரைகலை மேலாளர் பிழை காட்டி மறுத்தது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, டெர்மினலுக்குப் போனார். அங்கே ஆப்ட், டெஸ்க்டாப்பையே நீக்கப் போகிறேன் என்று நீண்ட பட்டியலோடு எச்சரித்தது. அதைத் தாண்டி 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற வாக்கியத்தைத் தட்டினார். டெஸ்க்டாப் போய்விட்டது. பிறகு ஆப்ட்டை எழுதுபவர்கள் அந்த வாக்கியத்தைத் தட்டித் தாண்டும் வழியையே எடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது முதல் படி. மேலாளர் சரியாகவே தடுத்தது, ஆனால் காரணத்தை மனிதருக்குப் புரியும்படி சொல்லவில்லை. அதனால் அவர் ஆபத்தான வழிக்குப் போனார்.

ஆகவே நீக்கும்போது கூடவே என்னென்ன போகும் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பலவற்றோடு இணைந்த ஒரு பேக்கேஜைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். அவசியமானது போகப் போகிறது என்றால் எச்சரிக்கை நிறத்திலும் சொல்லிலும் வேறுபட வேண்டும். பயனரின் கோப்புகள் இருக்குமா போகுமா என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் உண்மையில் என்ன நடந்தது என்பதை 'வார்' அடைவுக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்' அடைவில் உள்ள ஹிஸ்டரி கோப்பில் பார்க்கலாம். திரை சொன்னதும் அந்தக் கோப்பு சொல்வதும் ஒத்துப்போக வேண்டும்.

புதுப்பித்தலில் நான் மூன்றைத்தான் பார்ப்பேன். எண்ணிக்கை சரியா, பாதுகாப்புப் புதுப்பிப்பு தனியாகத் தெரிகிறதா, மறுதொடக்கம் தேவையென்றால் முன்பே சொல்கிறதா. யுபிஎஸ்ஸில் பத்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது தானாக மறுதொடக்கம் செய்து நிறுவ ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

திரையில் தமிழ்

கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் போங்கள். ஆங்கிலத்தில் சின்னதாக இருக்கும் சொல் தமிழில் 'புதுப்பிப்புகள்' என்று நீளும். பொத்தான் இடம் கொடுக்கிறதா, வெட்டுகிறதா? வெட்டினால் எப்படி வெட்டுகிறது? 'விளையாட்டு' என்பதை 'விளையாட்' என்று வெட்டினால்கூடப் பரவாயில்லை. புள்ளியையும் வெட்டி 'விளையாட…' என்று காட்டினால் அது வேறு சொல்லாகிவிடுகிறது. எழுத்தை எழுத்தாக வெட்டாமல் குறியீட்டுக் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வரியின் உயரத்தையும் பாருங்கள். 'மூ', 'ழு', 'ஞூ' போன்றவற்றின் அடிப்பகுதி, 'கீ', 'ரீ' போன்றவற்றின் மேல் சுழி, இவைதான் முதலில் நறுக்கப்படும். '1 புதுப்பிப்புகள்' என்று ஒருமையும் பன்மையும் குழம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்தளவைப் பெரிதாக்கி ஒரு சுற்று, சுட்டியைத் தொடாமல் டேப் விசையிலேயே ஒரு சுற்று, ஓர்கா திரைவாசிப்பானைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று. ஓர்கா பொத்தான், பொத்தான், பொத்தான் என்று மட்டும் சொன்னால் பெயரிடாமல் விட்டிருக்கிறார்கள்.

வேறொருவரை உட்கார வையுங்கள்

நமக்குப் பழகிவிட்டது, அதனால் நம் கண்ணுக்குச் சில குறைகள் தெரியாது. தேயிலை எஸ்டேட்டில் கண்டக்டராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் மையத்துக்கு வருவார். அவரிடம், "ஐயா, உங்க பேத்திக்கு எழுத்து பழகுற விளையாட்டு ஒண்ணு இதுல போட்டுக் குடுங்க" என்று மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லாமல் பின்னால் உட்கார்ந்தேன். பேசாமல் இருப்பதுதான் இதில் கடினம், கை துறுதுறுக்கும்.

அவர் தேடினார், குழந்தைகளுக்கான ஜிகாம்ப்ரிஸைக் கண்டுபிடித்தார், அழுத்தினார். பட்டை 30 சதவீதத்தில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

"தம்பி, இது ஓடுதா, நின்னு போச்சா?"

"நீங்க என்ன நெனைக்கிறீங்க, ஐயா?"

"நின்னு போச்சு. மூடிட்டு மறுபடி போடட்டுமா?"

அது நிற்கவில்லை. இறங்கி முடித்து, பேக்கேஜைப் பிரித்துக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்கில் அதற்கு நேரமாகும். பட்டைக்கு இறக்குவது மட்டும்தான் தெரியும், பிரிப்பது தெரியாது. அவர் அந்த இடத்தில் கணினியை அணைத்திருந்தால் பாதி நிறுவிய நிலையில் மாட்டியிருக்கும். இத்தனை நாள் சோதித்தும் என் கண்ணில் படாததை அவர் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்.

இரண்டு மூன்று பேர் போதும், வெவ்வேறு வயதில். எங்கே தயங்கினார்கள், எதை வாய்விட்டுப் படித்தார்கள், எதை அழுத்தப் போய் விட்டார்கள் என்று எழுதுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

அறிக்கை எழுதுவது

ஒரு அறிக்கைக்கு ஒரு வழு. ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதன் கீழேயே உங்கள் பெட்டியின் விவரத்தைச் சேருங்கள். அறிக்கை போட வேண்டிய தளங்கள்: உபுண்டுவுக்கு லாஞ்ச்பேட், நோமுக்கு அதன் கிட்லேப், கேடிஇக்கு அதன் பக்சில்லா, மின்ட்டுக்கு கிட்ஹப். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், எளிய ஆங்கிலம் போதும். திரைப்பிடிப்பு தமிழில் இருந்தால் அதே திரையை ஆங்கிலத்திலும் எடுத்து இரண்டையும் வையுங்கள்.

தலைப்பு 'நிறுவல் வேலை செய்யவில்லை' என்று இருக்கக் கூடாது. பெரியவர் காட்டிய வழுவுக்கு நான் இப்படி எழுதினேன்: 'இறக்கம் முடிந்து பேக்கேஜ் பிரிக்கப்படும்போது முன்னேற்றப் பட்டை 30 சதவீதத்தில் அசையாமல் நிற்கிறது, ஹார்டு டிஸ்கில் சுமார் 4 நிமிடம்.' அதன் கீழே செய்த படிகள் வரிசையாக, எதிர்பார்த்தது ஒரு வரி, நடந்தது ஒரு வரி, பதிப்பு எண், ஐஎஸ்ஓ தேதி, ரேம், டிஸ்க். எத்தனை முறை செய்ததில் எத்தனை முறை நடந்தது என்பதும். ஐந்துக்கு ஐந்து என்று எழுதினால் அதற்கு மதிப்பு வேறு. அதோடு 'பயனர் இதை நின்றுவிட்டதாக நினைத்துக் கணினியை அணைக்கப் போனார்' என்று ஒரு வரி. அந்த வரிதான் தீவிரத்தை அவர்களுக்குப் புரியவைத்தது.

பதிவுக் கோப்புகளை இணைக்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். பயனர் பெயர், வைஃபை பெயர், சில நேரம் கோப்பின் பெயர்கள்கூட அதில் இருக்கும். மையத்துக்கு வருகிறவர்களின் பெயர் வெளியே போகக் கூடாது.

பதில் வர நாளாகலாம். 'என் கணினியில் இது நடக்கவில்லை' என்று வந்தால் மனம் தளர வேண்டாம், அவர்களிடம் இருப்பது ஹார்டு டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டி. அதே வெர்ச்சுவல் மெஷினில் டிஸ்க் வேகத்தைக் கட்டுப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது காணொளி அனுப்புங்கள்.

திருத்தம் வந்துவிட்டது என்று சொன்னதும் வேலை இன்னும் இருக்கிறது. புது ஐஎஸ்ஓவை இசட்சிங்கில் இறக்கி, அதே பெட்டியில், அதே படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒன்றைத் திருத்தும்போது பக்கத்தில் இருப்பது உடைவது வழக்கம், அதனால் நெட் அறுக்கும் சோதனையையும் கரண்ட் சோதனையையும் சேர்த்து ஓட்டுங்கள். நான் அப்படி ஓட்டியபோது பெரியவரையே மறுபடி கூப்பிட்டேன். பட்டை 30இல் நிற்கவில்லை. அதற்குக் கீழே 'இறக்கி முடிந்தது, நிறுவப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்று ஒரு வரி வந்தது. அவர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.